சிறிய டிரஸ்ட் சிஎஸ்ஆர் நிதி பெறுவது எப்படி: காகிதம் முதல் கணக்கு முடிக்கும் வரை

ஊர் ஏரியைத் தூர்வார வேண்டும், பக்கத்துத் தொழிற்பேட்டையில் பெரிய கம்பெனி இருக்கிறது, சிஎஸ்ஆர் நிதி (கம்பெனி தன் லாபத்தில் சமூகப் பணிக்கு ஒதுக்கும் பணம்) கேட்டால் தருவார்கள் என்று கிளம்புகிறவர்கள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் மாட்டிக்கொள்கிறார்கள். முதலில் போய்க் கேட்கிறார்கள். கம்பெனியும் சரி என்கிறது. அதற்குப் பிறகுதான் காகிதம் தேட ஆரம்பிக்கிறார்கள். காகிதம் கைக்கு வருவதற்குள் நிதியாண்டு முடிந்துவிடுகிறது. கேட்பது இந்த வேலையின் ஐந்தாவது படி. அதற்கு முன் முடிக்க வேண்டியவை என்ன, ஏன் இந்த வரிசை என்பதைக் கீழே எழுதியிருக்கிறேன். உதாரணத்துக்கு ஸ்ரீபெரும்புதூர் பக்கத்து ஒன்றிய ஏரி ஒன்றை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

1. முதலில் கம்பெனியின் கணக்கைப் புரிந்துகொள்ளுங்கள்

கம்பெனிகள் சட்டம் 2013-ன் 135-ஆம் பிரிவு 2014 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. முந்தைய நிதியாண்டில் நிகர மதிப்பு 500 கோடி, விற்றுமுதல் 1,000 கோடி, நிகர லாபம் 5 கோடி ரூபாய் என்ற மூன்றில் ஏதாவது ஒன்றைத் தொட்ட கம்பெனி, முந்தைய மூன்று ஆண்டுகளின் சராசரி நிகர லாபத்தில் குறைந்தது 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும்.

இந்தக் கணக்கை நீங்களே போட்டுப் பார்க்கலாம். சராசரி லாபம் 5 கோடி என்றால் சிஎஸ்ஆர் தொகை 10 லட்சம், 12 கோடி என்றால் 24 லட்சம். வாசலில் கம்பீரமாக நிற்கும் கம்பெனியின் ஆண்டு மொத்தமே 10 லட்சமாக இருக்கலாம். அங்கே போய் 40 லட்சத்துக்கு ப்ரொபோசல் நீட்டினால் படிக்காமலே ஓரம் வைப்பார்கள்.

செலவிடாமல் விட்டு, மீதியை உரிய கணக்கிலும் சேர்க்காத கம்பெனிக்கு 2021 ஜனவரி முதல் அபராதம் உண்டு. கொடுத்த பணம் சொன்ன காரியத்துக்கே போனது என்று கம்பெனியின் நிதித் தலைவர் சான்றளிக்கவும் வேண்டும். தன் பையிலிருந்து பணம் கொடுப்பவரும் இவ்வளவு கேள்வி கேட்கமாட்டார், கம்பெனிக்காரர் கேட்பார். அவருக்குப் பின்னால் போர்டும் ஆடிட்டரும் உட்கார்ந்திருக்கிறார்கள்.

2. காகிதங்களை இந்த வரிசையில் முடியுங்கள்

டிரஸ்ட் என்றால் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிந்த பத்திரம், சங்கம் என்றால் மாவட்டப் பதிவாளரிடம் பதிந்த சான்று. பிரிவு 8 கம்பெனியாகவும் (லாப நோக்கமில்லாத கம்பெனி) இருக்கலாம். டிரஸ்ட் பொது நோக்கத்துக்கானதாக இருக்க வேண்டும். குடும்ப டிரஸ்ட்டுக்கு இந்த வழி திறக்காது.

அதன் பிறகு பான் அட்டை, அமைப்பின் பெயரில் வங்கிக் கணக்கு, வருமான வரித்துறையின் 12ஏ (அமைப்புக்கு வரிவிலக்கு) மற்றும் 80ஜி (நன்கொடையாளருக்கு வரிச்சலுகை) பதிவு. புதிய வருமான வரிச் சட்டத்தில் பிரிவு எண்கள் மாறினாலும் கம்பெனி ஆட்கள் பழைய பெயரைச் சொல்லித்தான் கேட்கிறார்கள். இவை முடிந்த பிறகுதான் கம்பெனி விவகார அமைச்சகத்தின் தளத்தில் சிஎஸ்ஆர்-1 படிவம். 2021 ஏப்ரல் 1 முதல் இது கட்டாயம். அறங்காவலர் ஒருவரின் டிஜிட்டல் கையெழுத்து வேண்டும், தொழில் செய்யும் ஆடிட்டர் அல்லது கம்பெனி செக்ரட்டரி அல்லது காஸ்ட் அக்கவுன்டன்ட் சான்றளிக்க வேண்டும். முடிவில் சிஎஸ்ஆர் என்று தொடங்கும் பதிவு எண் ஒன்று வரும். அது இல்லாமல் கம்பெனி உங்களைச் செயல்படுத்தும் அமைப்பாக வைத்துப் பணம் தர முடியாது.

வரிசையை மாற்ற முடியாததற்குக் காரணம், ஒவ்வொரு காகிதமும் அதற்கு முந்தையதைக் கேட்கும். பத்திரத்தில் ஒரு பெயர், பான் அட்டையில் முதலெழுத்து விட்ட பெயர், பாஸ்புக்கில் மூன்றாவதாக ஒரு பெயர் என்று இருந்தால் அங்கேயே நின்றுவிடும். ஆங்கில எழுத்துக் கூட்டல் உட்பட எல்லாவற்றிலும் பெயர் ஒன்றாக இருக்கிறதா என்று முதல் நாளே பாருங்கள். திருத்தம் செய்ய ஆகும் காலத்தில் புது அமைப்பே பதிந்துவிடலாம்.

இன்னொரு நிபந்தனையைப் பலர் கவனிப்பதில்லை. அரசோ கம்பெனியோ தொடங்கிய அமைப்புகளைத் தவிர மற்றவர்களுக்கு, அதே மாதிரியான பணியில் குறைந்தது மூன்று ஆண்டு அனுபவம் வேண்டும். ‘அதே மாதிரியான’ என்பதை அழுத்தியே படியுங்கள். மூன்று ஆண்டு ரத்ததான முகாம் நடத்தியதை வைத்து ஏரி வேலைக்கு அனுபவம் காட்டுவது கடினம். புதிய அமைப்பு என்றால், பதிவு எண் உள்ள மூத்த அமைப்பு ஒன்றோடு சேர்ந்து முதல் சில வேலைகளைச் செய்யுங்கள். கணக்குப் பொறுப்பு அவர்களுடையது, ஊர் வேலை உங்களுடையது என்று எழுத்தில் பிரித்துக்கொள்ளுங்கள்.

நிதி ஆயோக்கின் தர்பன் எண் (தொண்டு அமைப்புகளுக்கான தளத்தில் பதிந்தால் கிடைப்பது), மூன்றாண்டுத் தணிக்கை அறிக்கை, வருமான வரி தாக்கல் நகல், அறங்காவலர் பட்டியல் ஆகியவற்றையும் ஒரே பிடிஎஃப் கோப்பாகச் சேர்த்து வையுங்கள். எந்தக் கம்பெனியும் இவற்றைக் கேட்கும்.

“வெளிநாட்டுக் கம்பெனியின் இந்தியக் கிளையிடம் வாங்கினால் எஃப்சிஆர்ஏ அனுமதி வேண்டுமா?” என்று அடிக்கடி கேட்கிறார்கள். எஃப்சிஆர்ஏ என்பது அந்நிய நன்கொடை வாங்குவதை ஒழுங்குபடுத்தும் சட்டம். இந்தியாவில் பதிவான கம்பெனியின் அந்நியப் பங்கு, அந்தத் துறைக்கான அந்நிய நேரடி முதலீட்டு வரம்புக்குள் இருந்தால் அதன் பணம் அந்நிய நிதி ஆகாது. 2016-ல் செய்த சட்டத் திருத்தத்தின் பயன் இது. ஆனால் தாய்க் கம்பெனி வெளிநாட்டிலிருந்து நேரடியாக அனுப்பினால் கதை வேறு. பணம் எந்தக் கணக்கிலிருந்து வருகிறது என்று முதலிலேயே கேளுங்கள்.

3. உங்கள் வேலை ஏழாம் அட்டவணையில் எங்கே உட்காருகிறது?

சட்டத்தின் ஏழாம் அட்டவணையில் 12 தலைப்புகள் இருக்கின்றன: பசி, சுகாதாரம், குடிநீர் ஒன்று, கல்வி, தொழிற்பயிற்சி ஒன்று, பெண்கள், ஆதரவற்றோர், முதியோர் ஒன்று, சுற்றுச்சூழல், மண், நீர் ஒன்று என்று நீள்கிறது. ஏரி நான்காம் தலைப்பில் வரும். ப்ரொபோசலின் முதல் பக்கத்திலேயே அந்த எண்ணை எழுதிவிடுங்கள். கம்பெனி தன் ஆண்டறிக்கையில் அதே எண்ணைத்தான் எழுதப்போகிறது.

சேராதவற்றையும் தெரிந்துகொள்ளுங்கள். கோயில் கும்பாபிஷேகச் செலவு சேராது. கம்பெனி ஊழியர்களுக்கு மட்டும் பயன்படும் வேலை சேராது. அரசியல் கட்சிக்குக் கொடுப்பது, கம்பெனியின் விளம்பரத்துக்காக ஸ்பான்சர் செய்வது, மாசுக் கட்டுப்பாடு போல வேறு சட்டப்படி ஏற்கெனவே செய்தாக வேண்டியதைச் செய்வது எதுவும் சேராது. ஒரு நாள் மாரத்தான், விருது விழா போன்றவற்றையும் அமைச்சகம் ஏற்பதில்லை. “ஏரி காப்போம்” என்று ஓட்டப்பந்தயம் வைத்து மூன்று லட்சம் கேட்பதைவிட, மதகு ஒன்றைச் சரிசெய்ய மூன்று லட்சம் கேட்பது எளிது.

4. இடத்துக்கு உரியவரிடம் எழுத்தில் அனுமதி

புதியவர்கள் அதிகம் தடுக்கி விழும் இடம் இது. ஏரி ஊருடையது என்று நாம் பேசுகிறோம், ஆனால் பதிவேட்டில் அது அரசுடையது. பொதுவாக 100 ஏக்கருக்கு மேல் ஆயக்கட்டு (ஏரியிலிருந்து பாசனம் பெறும் நிலம்) உள்ள ஏரிகள் நீர்வளத் துறையிடமும், அதற்குக் குறைந்தவை ஊராட்சி ஒன்றியத்திடமும் இருக்கும். உங்கள் ஏரி யார் கையில் என்று கிராம நிர்வாக அலுவலரிடம் சர்வே எண்ணோடு கேட்டு உறுதி செய்யுங்கள். ஊராட்சித் தலைவரின் வாய்மொழிச் சம்மதம் போதும் என்று வேலையைத் தொடங்கி, பொக்லைன் சிறைபிடிக்கப்பட்ட கதைகள் நிறைய உண்டு.

மாவட்ட ஆட்சியருக்கு மனு, துறைப் பொறியாளரின் பார்வை, மதிப்பீடு, அனுமதிக் கடிதம் என்று இது நகரும். மனுவில் மூன்று விஷயம் தெளிவாக இருக்கட்டும்: எந்தப் பகுதியில் எவ்வளவு ஆழம் எடுக்கிறீர்கள், எடுத்த மண் எங்கே போகிறது, கரையையும் கலங்கையும் (உபரி நீர் வழியும் இடம்) தொடுகிறீர்களா. மண் கரையைப் பலப்படுத்தப் போகிறதா, அனுமதி பெற்ற விவசாயிகளின் வயலுக்குப் போகிறதா என்று எழுதாமல் விட்டால், மண் விற்கத்தான் இந்த ஏற்பாடு என்று சந்தேகம் வரும். சந்தேகப்படுகிறவர்களையும் குறை சொல்ல முடியாது. அப்படியும் நடந்திருக்கிறது.

ஆயக்கட்டு விவசாயிகளையும் கூட்டி உட்கார வைத்துப் பேசுங்கள். ஏரியின் நடுவே பள்ளம் பறித்தால் அந்தத் தண்ணீர் மதகு மட்டத்துக்குக் கீழே தங்கிவிடும், வயலுக்குப் பாயாது. நிலத்தடி நீருக்கு அது நல்லது, பாசனத்துக்கு உதவாது. எது வேண்டும் என்பதை அவர்கள்தான் சொல்ல வேண்டும். வரத்துக்கால்வாய் அடைத்துக் கிடக்கும்போது ஏரியை மட்டும் ஆழப்படுத்துவது பணத்தை வெயிலில் காய வைப்பதுதான்.

பள்ளி வேலை என்றால் தலைமை ஆசிரியரின் கையெழுத்து மட்டும் போதாது, முதன்மைக் கல்வி அலுவலர் வரை போக வேண்டும். 2022 டிசம்பரில் தொடங்கிய ‘நம்ம ஸ்கூல் நம்ம ஊருப் பள்ளி’ திட்டத்தின் வழியாகவே கொடுக்கிறோம் என்று சில கம்பெனிகள் சொல்லும். அப்படியானால் அந்த வழியை எதிர்க்காதீர்கள்.

கம்பெனிக்கு முன்னால் அனுமதி ஏன்? கம்பெனி பணத்தை ஒதுக்கிய பிறகு அனுமதிக்கு ஆறு மாதம் ஆனால், அந்த ஆண்டுக் கணக்கில் அவர்களுக்கு ஓட்டை விழும். அடுத்த முறை உங்கள் போனை எடுக்கமாட்டார்கள்.

5. யாரிடம் கேட்பது, எப்போது கேட்பது

கம்பெனியின் இணையதளத்தில் சிஎஸ்ஆர் கொள்கை, குழு உறுப்பினர்கள், போர்டு ஒப்புதல் தந்த திட்டங்கள் எல்லாம் இருக்க வேண்டும் என்பது விதி. ஆண்டறிக்கையின் பின்னிணைப்பில் எந்த மாவட்டத்தில் எவ்வளவு, யார் மூலம் என்று பட்டியல் இருக்கும். அமைச்சகத்தின் தேசிய சிஎஸ்ஆர் தளத்திலும் கம்பெனிவாரியாகப் பார்க்கலாம். மூன்று ஆண்டாகக் கல்விக்கு மட்டுமே கொடுத்த கம்பெனியிடம் ஏரிக்குப் போவது வீண் அலைச்சல். ஆலை இருக்கும் பகுதிக்கு முன்னுரிமை தர வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. ஆகவே ஒரகடத்து ஆலைக்கு ஒரகடத்து ஏரியைக் காட்டுங்கள்.

சிஎஸ்ஆர் தொகை 50 லட்சத்தைத் தாண்டாத கம்பெனிக்குத் தனிக் குழு தேவையில்லை, போர்டே முடிவு செய்யும். இப்படிப்பட்ட நடுத்தரக் கம்பெனிகளை நம்மவர்கள் கண்டுகொள்வதில்லை. பெரிய பெயர்களின் வாசலில் ஆயிரம் பேர் நிற்கும்போது, இங்கே முதலாளியையோ நிதி மேலாளரையோ நேரில் பார்த்துவிடலாம்.

காலத்துக்கு வருவோம். ஜனவரி முதல் மார்ச் வரை அடுத்த ஆண்டுத் திட்டம் உருவாகும் நேரம். அப்போது ப்ரொபோசல் மேசையில் இருக்க வேண்டும். குழு பரிந்துரைத்தால் ஆண்டின் நடுவிலும் திட்டத்தை மாற்றலாம் என்பதால் செப்டம்பர், அக்டோபரில் இன்னொரு கதவு திறக்கும். பிப்ரவரி, மார்ச்சில் திடீரென்று போன் வரும்: “ஒரு தொகை மீதி இருக்கு, மார்ச் 31-க்குள்ள முடிச்சிடுவீங்களா?”

ஏரி வேலைக்கு இந்தக் கேள்வி ஆபத்தானது. வடகிழக்குப் பருவமழையில் நிறைந்த ஏரி மார்ச்சில் வற்றியிருக்காது. உங்களுக்குப் பணத்தை அனுப்பிவிட்டால் மட்டும் கம்பெனி செலவிட்டதாக ஆகாது, நீங்கள் செலவழித்தால்தான் ஆகும். இதற்குச் சட்டத்திலேயே வழி இருக்கிறது. போர்டு அந்த வேலையைத் தொடர் திட்டமாக அறிவித்தால், தொடங்கிய ஆண்டு போக மூன்று நிதியாண்டு வரை நடத்தலாம். மீதிப் பணத்தை ஏப்ரல் 30-க்குள் செலவிடாத சிஎஸ்ஆர் கணக்கு என்ற தனிக் கணக்கில் கம்பெனி போட வேண்டும். அறிவிக்காமல் விட்டால், செப்டம்பர் 30-க்குள் அந்தப் பணம் ஏழாம் அட்டவணையில் சொன்ன அரசு நிதி ஒன்றுக்குப் போய்விடும், உங்கள் ஏரிக்கு வராது. ஆகவே முதல் சந்திப்பிலேயே “இது தொடர் திட்டம்” என்று சொல்லி, கடிதத்திலும் எழுதுங்கள்.

“சிஎஸ்ஆர் வாங்கித் தருகிறேன், 10 சதவீதம் கொடுங்கள்” என்று வருகிறவர்களை வாசலோடு அனுப்பிவிடுங்கள். அமைச்சகம் எந்தத் திட்டத்துக்கும் ஒப்புதல் தருவதில்லை, இடைத்தரகரையும் நியமிப்பதில்லை. வந்த பணத்தில் ஒரு பங்கை ரொக்கமாகத் திருப்பித் தரச் சொன்னால் அது மோசடி. பெரிய தொகை கைநழுவினாலும் பரவாயில்லை, சிறையில் உட்காரப் போவது அறங்காவலர்தான்.

6. ப்ரொபோசலை அவர்களுடைய படிவத்தின் வரிசையில் எழுதுங்கள்

கம்பெனி தயாரிக்கும் ஆண்டுச் செயல்திட்டத்தில் ஐந்து விஷயங்கள் இருக்க வேண்டும் என்று விதி சொல்கிறது: ஏழாம் அட்டவணைக்கு உட்பட்ட திட்டங்களின் பட்டியல், யார் எப்படிச் செயல்படுத்துவார்கள், பணம் எந்தக் கட்டத்தில் எவ்வளவு போகும், யார் கண்காணிப்பார்கள், தேவை மற்றும் பயன் மதிப்பீட்டு விவரம். உங்கள் ப்ரொபோசலையும் இதே ஐந்து தலைப்பில் எழுதினால் அங்கிருக்கும் மேலாளர் அப்படியே எடுத்து ஒட்டிக்கொள்வார். அமைப்பின் பெருமை பேசும் பத்துப் பக்கத்தைவிட இது வேலை செய்யும்.

தேவையை எண்ணில் சொல்லுங்கள். 10 ஏக்கர் பரப்பில் அரை மீட்டர் வண்டல் எடுத்தால் சுமார் 20,000 கன மீட்டர், அதாவது இரண்டு கோடி லிட்டர் கூடுதல் கொள்ளளவு. “விவசாயம் செழிக்கும்” என்ற வாக்கியத்தை அடித்துவிட்டு இதை எழுதுங்கள்.

பட்ஜெட்டில் வழக்கமாக வரும் தவறு, கடைசி வரியில் ‘நிர்வாகச் செலவு 15 சதவீதம்’ என்று போடுவது. உடனே எதிரில் இருப்பவர் 5 சதவீதம்தான் விதி என்பார். உண்மையில் அந்த 5 சதவீத வரம்பு, கம்பெனி தன் சிஎஸ்ஆர் அலுவலகத்தை நடத்தும் செலவுக்கு. குறிப்பிட்ட திட்டத்தை வடிவமைக்க, நடத்த, கண்காணிக்க நேரடியாக ஆகும் செலவு அதில் வராது. இதை அவரிடம் வாதாடி வெல்வதைவிட பட்ஜெட்டைச் சரியாகப் பிரிப்பது நல்லது. தளப் பொறியாளர் நான்கு மாதச் சம்பளம், அளவை எடுக்கும் கூலி, கணக்காளரின் பகுதி நேர ஊதியம் என்று திட்டத்தோடு கட்டிய வரிகளாக எழுதுங்கள். உங்கள் அலுவலக வாடகைக்கும் தலைவரின் பயணத்துக்கும் வேறு வழி தேடுங்கள்.

பொக்லைன் வாடகையை மணிக் கணக்கில் போடாதீர்கள். மணிக் கணக்கில் இயந்திரம் ஓடியதுதான் தெரியும், மண் எவ்வளவு வந்தது தெரியாது. கன மீட்டர் கணக்கில் மூன்று கொட்டேஷன் வாங்குங்கள். ஜிஎஸ்டியைச் சேர்த்தே தொகை எழுதுங்கள். பெரும்பாலான டிரஸ்ட்டுகளால் அதைத் திரும்பப் பெற முடியாது, விட்டுவிட்டால் கைக்காசு போகும்.

7. ஒப்பந்தத்தில் கவனிக்க வேண்டியவை

தேர்வானால் கம்பெனி ஆள் அனுப்பி உங்கள் அலுவலகத்தையும் பழைய வேலைகளையும் பார்க்கும். பிறகு ஒப்பந்தம். பணம் எத்தனை தவணை, எந்த வேலை முடிந்தால் அடுத்த தவணை என்பதை நன்றாகப் படியுங்கள். கடைசி 30 சதவீதம் எல்லாம் முடிந்த பிறகுதான் என்றால், அதுவரை கான்ட்ராக்டருக்கு யார் கொடுப்பது? கடைசித் தவணையை 10 சதவீதமாகக் குறைக்கக் கேளுங்கள். நியாயமான காரணம் சொன்னால் பலர் ஒத்துக்கொள்கிறார்கள்.

முடிவில் உருவாகும் சொத்து யார் பெயரில் என்பதும் எழுத்தில் இருக்கட்டும். அரசு அமைப்பு, பதிவு எண் உள்ள டிரஸ்ட் அல்லது சங்கம், பயனாளிகளின் சுயஉதவிக் குழு போன்றவற்றிடம்தான் அது இருக்கலாம். கம்பெனியின் பெயரிலோ தனியார் ஒருவரின் பெயரிலோ இருக்க முடியாது.

கரையில் கம்பெனியின் பெயரோடு நன்றிப் பலகை வைப்பதில் தவறில்லை. பொருளை விற்கும் விளம்பரமாக அது மாறினால் ஜிஎஸ்டி கேள்வியும் வரும், சிஎஸ்ஆர் தகுதியும் போகும்.

8. பணம் வந்த நாளிலிருந்து

இந்தத் திட்டத்துக்கென்றே தனி வங்கிக் கணக்கு. மற்ற நன்கொடையோடு கலந்துவிட்டால் ஆடிட்டர் பிரித்துக் காட்டுவதற்குள் ஒரு மாதம் ஓடிவிடும். வட்டி வந்தால் அதையும் திட்டத்திலேயே காட்டுங்கள்.

ஒருவருக்கு ஒரே நாளில் 10,000 ரூபாய்க்கு மேல் ரொக்கம் கொடுக்காதீர்கள். அந்தச் செலவை வருமான வரித்துறை அறச்செலவாக ஏற்காது. கான்ட்ராக்டருக்குக் கொடுக்கும்போது வரம்பைத் தாண்டினால் டிடிஎஸ் (கொடுக்கும்போதே பிடிக்கும் வருமான வரி) பிடிக்க வேண்டும், தனிநபர் என்றால் 1 சதவீதம், நிறுவனம் என்றால் 2 சதவீதம். “நாங்கள் டிரஸ்ட், எங்களுக்கு வரியே இல்லை” என்று இதை விட்டவர்கள் வட்டியோடு கட்டியிருக்கிறார்கள்.

இயந்திரம் இறங்கும் முன் தரைமட்ட அளவை எடுங்கள். இதை மறந்தால் பிறகு எடுக்கவே முடியாது. வேலை முடிந்த பின் அதே புள்ளிகளில் மறுபடி எடுத்துக் கழித்தால் வந்த மண்ணின் கன அளவு கிடைக்கும். துறைப் பொறியாளரின் கையெழுத்தோடு இருந்தால் பில்லை யாரும் கேள்வி கேட்கமாட்டார்கள். புகைப்படமும் அப்படித்தான்: ஒரே இடத்தில் நின்று முன், நடு, பின் என்று இடக்குறிப்பும் தேதியும் தெரிய எடுங்கள். பெரிய காசோலை அட்டையோடு சிரிக்கும் படம் செய்தித்தாளுக்கு, ஆடிட்டருக்கு அது வேண்டாம்.

வேலை தாமதமானால் மாத முடிவுக்குக் காத்திராமல் உடனே எழுதுங்கள். மே மாதக் கோடைமழையில் வேலை பத்து நாள் நின்றது என்பதை யாரும் குறையாக எடுத்துக்கொள்வதில்லை. மார்ச் 28-ஆம் தேதி சொன்னால்தான் கோபப்படுவார்கள்.

9. கணக்கு முடித்தல்

மூன்று காகிதத்தோடு முடியும்: ஆடிட்டர் கையெழுத்திட்ட பயன்பாட்டுச் சான்றிதழ், பில் நகல்களோடு செலவு அறிக்கை, ஏரியைத் துறையிடம் ஒப்படைத்த கடிதம். சான்றிதழில் ஆடிட்டரின் யுடிஐஎன் எண் (சான்று உண்மையா என்று இணையத்தில் சரிபார்க்க உதவும் எண்) இருக்கிறதா பாருங்கள். பட்ஜெட்டின் ஒவ்வொரு வரிக்கும் எதிரே உண்மைச் செலவை எழுதி, வித்தியாசம் இருந்தால் ஒரு வரியில் காரணம் சொல்லுங்கள். மிச்சப் பணத்தைச் சொல்லாமல் வேறு வேலைக்குத் திருப்பாதீர்கள். எழுதிக் கேட்டால் பெரும்பாலும் வரத்துக்கால்வாய்க்கோ மரம் நடவோ அனுமதிப்பார்கள்.

முந்தைய மூன்று ஆண்டுகளில் சராசரி சிஎஸ்ஆர் கடமை 10 கோடி அல்லது அதற்கு மேல் உள்ள கம்பெனிகள், 1 கோடியும் அதற்கு மேலும் செலவான திட்டங்களுக்கு, முடிந்து ஓராண்டாவது ஆன பிறகு வெளியாள் வைத்துப் பயன் மதிப்பீடு செய்ய வேண்டும். உங்கள் திட்டம் அவ்வளவு பெரிதாக இல்லாவிட்டாலும், சுற்றுக் கிணறுகள் ஐந்தாறின் நீர்மட்டத்தை வேலைக்கு முன்பும் அடுத்த ஆண்டு அதே மாதத்திலும் அளந்து வையுங்கள். கயிறும் கல்லும் போதும்.

அடுத்த ஏரிக்கான கோரிக்கையை இந்த முடிவறிக்கையோடு சேர்த்து அனுப்ப வேண்டாம். சேர்த்து அனுப்பினால் அறிக்கையையே ஒரு விண்ணப்பமாகப் படிப்பார்கள். முதலில் கணக்கை முடித்து, பெற்றுக்கொண்டோம் என்ற பதிலை வாங்குங்கள். அந்த ஏரியில் ஒரு மழைக்காலம் தண்ணீர் நின்ற பிறகு, ஜனவரியில், கிணற்று அளவுகளோடு புதிய ப்ரொபோசலை எடுத்துக்கொண்டு நேரில் போங்கள்.